மய்யித்துக்குக் கடன்பட்டவர்கள்

ஜனாஸாத் தொழுகைக்காக மக்கள் அணிவகுத்து நின்றதும், இமாம் முதல் தக்பீர் சொல்வதற்கு முன்னால், நம்மூர்ப் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்புச் செய்வது வழக்கம். மய்யித்தின் மகனோ சகோதரரோ முன்னால் வந்து, “என் தந்தையாருக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதேனும் இருந்தால், எங்களிடம் தெரிவித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், அவர் உங்கள் மனம் நோக நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்” என்பார். கூட்டம் தலையசைக்கும். தொழுகை தொடங்கிவிடும்.

அந்த அறிவிப்பில் இரண்டு சொற்கள் உள்ளன: ஒன்று கொடுக்கல், மற்றொன்று வாங்கல். மய்யித்து எவருக்கேனும் கொடுக்க வேண்டியது இருந்தால், அதற்குரியவர் மூன்றாம் நாளோ நாற்பதாம் நாளோ வீடு தேடி வந்துவிடுகிறார். அவருக்குப் பிறரிடமிருந்து வரவேண்டியது என்ன ஆகிறது? அந்த இரண்டாம் சொல்லுக்குப் பதில் சொல்ல எத்தனை பேர் முன்வருகிறார்கள்? எல்லாராலும் விரும்பப்பட்ட ஒருவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது நம்முன் நிற்கும் அறக்கேள்வி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்லவர் ஒருவர் மறைந்தால் அவரைப் பற்றி நல்லது பேசுகிறோம். பேசுவது முறையும் ஆகும். பெருமானார் (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த இடத்தைக் கடந்து ஒரு ஜனாஸா சென்றது. மக்கள் அவரைப் புகழ்ந்தார்கள். பின்னர் வேறொன்று சென்றது, மக்கள் இகழ்ந்தார்கள். இரண்டு முறையும், உறுதியாகிவிட்டது என்றே நபியவர்கள் கூறினார்கள். உமர் (ரலி) அவர்கள் விளக்கம் கேட்டபோது, முன்னவருக்குச் சுவனமும் பின்னவருக்கு நரகமும் உறுதியாயின என்றும், பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் நீங்களே என்றும் அருளினார்கள்.

சாட்சி என்ற சொல்லை இங்கே நிறுத்தி நிதானித்துப் பார்க்க வேண்டும். புகழ்ச்சி வேறு, சாட்சியம் வேறு. புகழ்பவனிடம் எவரும் ஆதாரம் கேட்பதில்லை. சாட்சி சொல்பவனிடமோ, உனக்கு எப்படித் தெரியும், நீ அங்கே இருந்தாயா, உனக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கப்படும். மறைந்தவரை நல்லவர் என்று நாம் சொல்லும்போது, அந்த நன்மையைக் கண்ணால் கண்டவர்கள் நாம், பெரும்பாலும் அதைக் கையால் வாங்கியவர்களும் நாம் என்றே ஒப்புக்கொள்கிறோம். சாட்சியம் சொன்ன அக்கணத்திலேயே நம் பற்றுவரவும் வெளிப்பட்டுவிடுகிறது.

அண்மையில் வெம்பக்கோட்டைப் பகுதியில் ஓர் அடக்கத்துக்குச் சென்றிருந்தேன். மறைந்தவர் செல்வரும் அல்லர், ஆலிமும் அல்லர். சிவகாசி அச்சகம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மனு எழுதுவதும், பள்ளிச் சேர்க்கைத் தாள்களை நிரப்பிக் கொடுப்பதும், எவருக்கேனும் தீக்காயம் பட்டால் உடன்சென்று மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அவர் தாமாக ஏற்றுக்கொண்ட வேலைகள். பட்டாசுத் தொழில் நடக்கும் மண்ணில் அத்தகைய ஒருவர் எத்தனை இன்றியமையாதவர் என்பதை அங்குள்ளோரே அறிவர்.

தல்கீன் ஓதி, துஆச் செய்து, சந்தூக்கைப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. பள்ளி வளாகத்து வேப்பமர நிழலில் அமர்ந்து, ஒவ்வொருவராக அவரைப் பற்றிப் பேசினார்கள். மருந்து அறையில் வெந்த தம் மகனோடு பதினொரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் படுத்துக் கிடந்தார் என்று ஓர் இந்துத் தாய் சொன்னார். முதியோர் உதவித்தொகைக்காக நான்கு முறை தாலுகா அலுவலகத்துக்குத் தம்மோடு நடந்தார் என்று ஒரு முதியவர் சொன்னார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிந்திருக்கவில்லை. ஆளுக்கொரு துண்டாக வைத்திருந்ததை அன்று ஒன்றுசேர்த்தபோதுதான் அந்த மனிதரின் முழு உருவம் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய மூத்த மகன், “அத்தா இதில் ஒன்றைக்கூட வீட்டில் சொன்னதில்லையே!” என்று வியந்தார். இறந்தவரின் நண்பர்கள் கூடிப் பேசுவதால் விளையும் முதல் நன்மை இதுதான். பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துத்தர ஃபராயிள் சட்டம் இருக்கிறது. தந்தையின் நன்மைகளை அவர்களிடம் ஒப்படைக்க, கண்டவர்கள் வாய் திறந்தால்தான் உண்டு.

அதன் பின்னர் நிகழ்ந்ததே என் நெஞ்சில் நின்றது. அதுவரை பேசாதிருந்த பெட்டிக்கடைக்காரர் ஒருவர் எழுந்து மூத்த மகனிடம் வந்தார். தம் மகளின் நிக்காஹுக்காக இருபதாயிரம் ரூபாய் வாங்கியதாகவும், சீட்டோ சாட்சியோ இல்லையென்றும், இரண்டு தவணைகளில் தந்துவிடுவதாகவும் சொன்னார். அன்று அங்கே சொல்லப்பட்ட சாட்சியங்களுள் கனமானது அதுவே. ஏனையோர் அவரை நல்லவர் என்றார்கள். இவரோ அந்த நன்மைக்குத் தாம் கொடுக்க வேண்டிய விலையையும் சேர்த்துச் சொன்னார்.

பணக்கடனைப் பொறுத்தவரை ஷரீஅத் தெளிவாகப் பேசுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். மய்யித்துக்கு வரவேண்டிய தொகை அவருடைய சொத்தின் ஒரு பகுதி. அதை மறைப்பவன் வாரிசுகளின் பங்கில் கைவைக்கிறான். அவர்களுள் எத்தீமும் இருந்தால் பாவம் இன்னும் பெரிது. சீட்டு இல்லாத கடனுக்குச் சாட்சி அல்லாஹ் ஒருவனே. ஆகவே அதில் தர்க்கத்துக்கு இடமில்லை.

தர்க்கத்துக்கு இடமிருப்பது பணமல்லாத கடனில். ஒருவர் எனக்குச் செய்த உதவியை நான் கடன் என்று எண்ணலாமா? அவர் அல்லாஹ்வுக்காகச் செய்தார், கூலியும் அவனிடமே பெறுவார்; அதைக் கடனாக்கினால் அவருடைய இக்லாஸுக்கே மாசு வருமல்லவா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். சிந்திக்கத்தக்க கேள்வி. ஏழைக்கும் எத்தீமுக்கும் கைதிக்கும் உணவளிக்கும் நல்லோர், உங்களிடமிருந்து பிரதியுபகாரத்தையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை என்று கூறுவதாக அல்குர்ஆன் வருணிக்கிறது. மற்றொரு பக்கம், மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. இரண்டும் முரண்பட்டவையா? இல்லை. முன்னது கொடுத்தவனுக்குரிய ஒழுக்கம், பின்னது வாங்கியவனுக்குரிய ஒழுக்கம். கொடுத்தவன் மறக்க வேண்டும், வாங்கியவன் மறக்கக் கூடாது. கொடுத்தவனின் பெருந்தன்மையை வாங்கியவன் தனக்குரிய விடுதலைச் சீட்டாக ஆக்கிக்கொள்வதே நாம் செய்யும் தவறு. “அவர் எதையும் எதிர்பார்க்காதவர்” என்று மெச்சிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பாராட்டினாலேயே நம் கணக்கைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

பெருமானாரின் வாழ்வில் இதற்கு அழகிய சான்றுகள் உண்டு. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அபிசீனிய மன்னர் நஜாஷி. நபியவர்கள் அவரை நேரில் கண்டதேயில்லை. எனினும் அவர் இறந்த அன்றே அச்செய்தியை மதீனாவில் அறிவித்து, தோழர்களை அணிவகுக்கச் செய்து, நான்கு தக்பீர்களுடன் தொழுவித்தார்கள். இதை ஆதாரமாகக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹபினர் காயிப் ஜனாஸாத் தொழுகையை அனுமதிக்கின்றனர். ஹனஃபீ மத்ஹபினர் அதை அந்நிகழ்ச்சிக்கு மட்டுமே உரியதாகக் கொள்கின்றனர். சட்டத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் நன்றிக்கடனுக்கு முகம் பார்த்த பழக்கம் தேவையில்லை என்ற பாடத்தில் எவருக்கும் வேறுபாடு இருக்க முடியாது.

இன்னொரு சான்று. தாயிஃபிலிருந்து மனம் புண்பட்டுத் திரும்பிய நபியவர்களுக்கு மக்காவில் பாதுகாப்பு அளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தார். பத்ருப் போர்க் கைதிகளைக் கண்டபோது, முத்இம் இன்று உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற பொருள்பட நபியவர்கள் கூறினார்கள். இறந்துபோன ஒருவரின் உதவியை, மதம் கடந்து, ஆண்டுகள் கடந்து, ஒரு வெற்றியின் நடுவிலும் நினைவில் வைத்திருந்த பண்பு இது.

மய்யித்தின் சுமையைத் தோழர்கள் எவ்வாறு ஏற்றார்கள் என்பதையும் பாருங்கள். மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபியவர்கள் தயங்கி நின்றார்கள். அக்கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூ கத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்த பிறகே தொழுவித்தார்கள். பொருள் வசதி ஏற்பட்ட காலத்திலோ, கடனை விட்டு இறப்போரின் பொறுப்பு தம்மைச் சேர்ந்தது என்று நபியவர்களே அறிவித்துவிட்டார்கள். அன்று தொழுகைக்காக நின்றவர்களுள் ஒருவரே கடனை ஏற்றுக்கொண்டார். வரிசையில் நிற்பது என்றால் என்ன பொருள் என்பதை அபூ கத்தாதா நமக்குக் காட்டிவிட்டார்.

நம் தமிழ் மண்ணும் இதை அறியாததன்று. பறம்பு மலைத் தலைவன் பாரி மாண்டபோது, புலவர் கபிலர் கையறுநிலைப் பாடல்கள் பாடினார். அத்தோடு அவர் நின்றிருந்தால் நல்ல புலவர் என்று மட்டும் பெயர் பெற்றிருப்பார். தந்தையை இழந்த பாரி மகளிர் இருவரையும் உடனழைத்துக்கொண்டு, அவர்களுக்கு வாழ்க்கை தேடி ஒவ்வொரு குறுநில மன்னனின் வாயிலாக ஏறி இறங்கினார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுத்தபோதும் அவர் தம் கடமையைக் கைவிடவில்லை. பாரியிடம் வாங்கியதை அவன் மக்களுக்குத் திருப்பித் தந்த அந்த நடையே அவருடைய பாடல்களுக்கு உயிர். கீழக்கரைச் சீதக்காதி வள்ளலைச் செத்தும் கொடுத்தவர் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். கொடுத்தவரின் பெயர் பழமொழியாகிவிட்டது. வாங்கியவர்கள் திருப்பி என்ன செய்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

நம் காலத்தில் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் மறைவை எண்ணிப் பாருங்கள். 2015 ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். ஜூலை 30-ஆம் நாள் ராமேசுவரத்தையடுத்த பேக்கரும்பில் நல்லடக்கம் நடந்தது. அவரை ஒருமுறையும் நேரில் கண்டிராத இலட்சக்கணக்கானோர் தம் வீட்டில் ஒருவரை இழந்தவர்போல் வருந்தினர். தெருமுனைகளில் படம் வைத்து மாலையிட்டவர்கள் பலர். ஆனால் அவர் கேட்டுக்கொண்டபடி மரக்கன்று நடும் பணியைத் தொடங்கி, அவர் மறைந்த பின்னும் விடாமல் நடத்தினார் நம் தென்மாவட்டத்தைச் சேர்ந்த நகைச்சுவை நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 17-ஆம் நாள் அவரும் மறைந்தபோது, நட்டவை 30 இலட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்பட்டது. அன்று தமிழகமெங்கும் பலர் அவர் நினைவாகக் கன்று நட்டனர். ஒருவரிடம் வாங்கியதை மற்றொருவர் ஏற்று, அவரிடமிருந்து ஊர் ஏற்றது. முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அவருக்குத் தர்மம் எழுதப்படும் என்ற நபிமொழியை அறிந்த நமக்கு இத்தகைய வழியனுப்புதல் புதியதன்று.

மீண்டும் வெம்பக்கோட்டைக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியையடுத்த முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரையடுத்த அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகள் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. முதலிப்பட்டியில் மாண்டோருள் உதவிக்கு ஓடிவந்தவர்களும் இருந்தனர். இத்தகைய சாவுகளின்போது, வாங்கிய முன்பணம் எவ்வளவு, கந்துக் கடன் எவ்வளவு என்ற கொடுக்கல் கணக்கு உடனே அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கைகள் உருட்டிய வெடியையும் சுற்றிய சக்கரத்தையும் கொளுத்தி மகிழ்ந்த நாடு முழுவதும் அவர்களுக்குத் தரவேண்டிய வாங்கல் கணக்கை எவர் எழுதுகிறார்? நம் வீட்டுத் திருமண ஊர்வலங்களில் வாணவேடிக்கை விட்ட நாமும் அக்கணக்கிலிருந்து தப்பியவர்கள் அல்லர். அந்த அநாதைப் பிள்ளை ஒன்றின் பள்ளிச் செலவை ஒரு ஜமாஅத் ஏற்குமானால், அது தர்மம் என்பதைவிடக் கடன் அடைத்தல் என்பதே பொருந்தும்.

வெம்பக்கோட்டையையடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. அவற்றை அணிந்த கை எதுவென்று சொல்ல இன்று ஒரு சாட்சியும் இல்லை. நம்மிடையே வாழ்ந்து மறைந்தவர்களுக்கும் சாட்சிகள் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை. அவரை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும் சில ஆண்டுகளே அவருடைய வாங்கலைத் தீர்ப்பதற்கான தவணை.

அந்த வேப்பமர நிழலில் கடைசியாக எழுந்தவர் ஓர் இளைஞர். தம் படிப்புக்கு வேண்டிய தாள்களையெல்லாம் அவரே எழுதித் தந்தார் என்று கூறி, இனி வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளியில் அமர்ந்து, வருவோர் எவராயினும் மனு எழுதித் தருவதாகச் சொன்னார். ஜமாஅத்தார் ஒரு மேசையும் நாற்காலியும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே, அடுத்த முறை ஜனாஸா வரிசையில் நிற்கும்போது, கொடுக்கல் வாங்கல் என்ற அறிவிப்பின் இரண்டாம் சொல்லையும் செவிமடுப்போம். அவரிடம் வாங்கியது பணமாயின் வாரிசிடம் சேர்ப்போம். உழைப்பாயின் அவ்வுழைப்பைத் தொடர்வோம். அன்பாயின் அவர் பிள்ளைகளிடமும் நண்பர்களிடமும் அதைக் காட்டுவோம். அதன் பிறகு நல்லவர் என்று சொல்வோம். வல்ல அல்லாஹ் நம் சாட்சியத்தை உண்மையாக்கி, மறைந்தோரின் மண்ணறைகளை ஒளிமயமாக்கி அருள்வானாக! ஆமீன்.