அறிவித்தவர் கடன்

அறியாமை துன்பம் தரும் என்பதை யாவரும் ஒப்புவர். அறிவும் துன்பம் தரக்கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருத்தியின் உடலில் நோயின் அடையாளம் உண்டென்று சொல்லிவிட்டு, அதற்குமேல் எமக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்குவது அறமாகுமா? கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம்.

இந்நோய் ஹியூமன் பாப்பிலோமா வைரசால் விளைவது. தொற்றுக்கு ஆளானோருள் பெரும்பாலோரிடத்து அது இரண்டோர் ஆண்டுகளில் தானே அகன்றுவிடும். சிலரிடத்தே தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக முதிரும். அந்த நெடிய இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தோன்றும் இடத்தைக் கண்ணாலேயே கண்டறிந்தனர். தக்கவர்க்கு அவ்விடத்தை உடனுக்குடன் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அளித்தனர். இந்நோயால் நேரும் இறப்பு அங்கே 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் முடிவு வெளியாயிற்று. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரே ஒருமுறை செய்த வைரஸ் சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததென 2009இல் தெரியவந்தது. ஆயினும் சோதனை தானாக எவரையும் காப்பதில்லை. அதனைத் தொடர்ந்து வந்த சிகிச்சையே காத்தது.

‘ஏழை நாட்டில் எல்லாரையும் பின்தொடர இயலுமா? சோதனையேனும் நடக்கட்டும்’ என்பார் உளர். அவர் கூற்றில் இரக்கம் உண்டு, நிறைவு இல்லை. முடிவைக் கேட்டவள், கேட்குமுன் இருந்தவள் அல்லள். அச்சம் அவளோடு வீடு செல்கிறது. ‘யாரால் வந்தது?’ என்னும் ஐயமும் உடன் செல்கிறது. இவ்வைரஸ் ஆண்டுக்கணக்கில் அடையாளமின்றித் தங்கவல்லது. தொற்று உண்டென்பது புற்று உண்டென்பதாகாது. அது ஒருவர் ஒழுக்கத்துக்குச் சான்றுமன்று. இதனை விளக்காமல் தாளை மட்டும் கையில் தருவது, உதவியின் பெயரால் இழைக்கும் கொடுமையன்றோ? ஆதலால் பலரைச் சோதித்துச் சிலரைக் கைவிடுவதினும், இயன்ற அளவினரைச் சோதித்து ஒருவரையும் விடாமையே நேர்மை.

2030ஆம் ஆண்டுக்கென உலக நல நிறுவனம் மூன்று இலக்குகளை வகுத்துள்ளது: 15 வயதுக்குள் 90 விழுக்காட்டுச் சிறுமியர்க்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள்ளும் மீண்டும் 45க்குள்ளும் 70 விழுக்காட்டு மகளிர்க்குச் சோதனை, நோய் காணப்பட்டோருள் 90 விழுக்காட்டினர்க்குச் சிகிச்சை. மூன்றாவது இலக்கு இன்றேல் இரண்டாவது வெறுங்கணக்கே.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இக்கடன் மேலும் கனக்கிறது. வாடகை வீடு மாறுகிறது. கொடுத்த தொலைபேசி எண் கணவருடையது. முடிவுத்தாளின் மொழி அவளுக்குப் புரியாதது. மருத்துவமனை தேடும்போது அவள் ஊருக்குச் சென்றிருப்பாள். இங்கே அறிவித்தவர் கடனில் நமக்கும் பங்குண்டு. தாளைப் படித்துச் சொல்லவும், மறுமுறை செல்லும் நாளை நினைவூட்டவும், உடன் சென்று அவள் மொழியில் பேசவும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. அண்டை வீட்டார் ஒருவர் அரைநாள் ஒதுக்கினால் போதும்.