ஊரைக் கேட்காத எல்லைக்கோடு

2025 ஜனவரியில் திருச்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் மக்கள் மாநகராட்சி இணைப்பை எதிர்த்துத் திரண்டார்கள். அதவத்தூரிலும் அப்படித்தான். மாநகராட்சியோடு சேர்த்தால் வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்பது அவர்கள் அச்சம். ஊரின் சம்மதமின்றி எல்லையை நகர்த்துவது சட்டப்படி செல்லலாம், அறப்படி செல்லாது.

அரசியல் சாசனத்தின் 243கியூ பிரிவு மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், விவசாயம் சாராத வேலை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. அங்கே வாழ்பவரின் விருப்பத்தைக் கேட்கச் சொல்லவில்லை. குறை அங்கேதான்.

கோடு நகர்ந்தால் எல்லார் தலையிலும் ஒரே பாரமா விழுகிறது? சாலையோரம் மனை வாங்கிப் போட்டவருக்கு விலை ஏறும், விற்றுவிட்டுப் போவார். ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு ஏறிய விலையால் பயனில்லை, ஏறிய வரி மட்டும் வாசலுக்கு வரும். பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் காலிமனை வரி வேறு. நிலமே இல்லாத கூலிக்காரப் பெண்ணுக்கோ, ஊரகத்துக்கு மட்டுமான வேலை உறுதித் திட்டத்தின் வேலையே இல்லாமல் போகும்.

வரி கொள்ளும் முறை பற்றிப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் அன்றே சொல்லிவிட்டார்: அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் காணும்; யானையே புகுந்தால் தின்பதைவிட மிதிப்பதே மிகும்.  கோலேந்தியவன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய கள்வனின் செயலோடு வைத்துப் பார்க்கிறார் வள்ளுவர். ஊர் தன் காரியத்தைத் தானே முடிவு செய்ததும் இங்கே புதிதல்ல: முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி ஊர்ச் சபை தன் வாரிய உறுப்பினர்களைத் தானே குடவோலையால் தேர்ந்தது.

குடிநீர், சாக்கடை, குப்பை ஆகியவற்றை ஊராட்சி தனியே சமாளிப்பது கடினம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வசதியின் பெயரால் வாயை அடைக்கக் கூடாது.

1994இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தத்தம் நகராட்சியை இழந்து திருச்சியோடு இணைந்தன. ஸ்ரீரங்கம் இன்று ஒரு மண்டலத்தின் பெயர். வீட்டுக்காரர் சொத்துவரி கட்டுகிறார்; வீடு நிற்கும் அடிமனை கோயிலுக்கா குடியிருப்பவருக்கா என்ற பூசல் அதற்குப் பிறகும் ஓயவில்லை. எல்லைக்கோடு நகர்ந்தும் வரி தொடர்கிறது, உரிமை வரவில்லை.

அரசாணைக்கு முன் கிராம சபையைக் கூட்டட்டும். எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி, குழாய் எந்த ஆண்டு வரும், ஊரக வேலைக்கு மாற்று என்ன என்று வாசித்துக் காட்டட்டும். ஊர் வேண்டாம் என்றால் கோடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.