நாலு கண் விட்டு

எங்கள் ஊர்ப் பக்கம் திராட்சைக் கொடி தானாக இலை உதிர்க்காது. குளிர்நாடுகளில் பனி வந்து அந்த வேலையை முடித்துவிடும். கொடி மொட்டையாகி உறங்கி, வெயில் வந்ததும் துளிர்க்கும். கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழிக்கே ஒரு போர்வை போதும். விட்டால் கொடி வருஷம் பூரா பச்சைப்பசேலென்று பந்தல் கம்பியெல்லாம் படர்ந்து, பார்க்க லட்சணமாக நிற்கும். காய்தான் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பனி செய்யாததை இங்கே கத்திரி செய்ய வேண்டும். அதுதான் கவாத்து.

கவாத்து போட்டு ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம். அவரவர் தோதுக்கு நாள் பார்ப்பதால் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் ஒரு பந்தல் மொட்டையாக இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் குலை கறுத்துத் தொங்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க லாரி ஏறுவது இப்படித்தான்.

அப்பா மார்கழியில் போனார். தையில் போட வேண்டிய கவாத்தை நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் கையால் வாழைநாரில் கட்டிவிட்ட கொடி, அவர் பார்த்துப் போன இலை. பந்தலுக்குள் நுழைந்தால் அவர் இப்போதுதான் மோட்டார் போடப் போயிருக்கிறார் என்பதுபோல இருக்கும். போடி, வருசநாடு பக்கம் இலவ மரங்கள் அந்த மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் காயோடு நிற்கும். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் பொறாமையாக வரும். அதனிடம் யாரும் கத்திரி எடுத்துப் போக வேண்டியதில்லை. துக்கமும் அதுபோல ஒருநாள் தானே உதிர்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன். இலவு காத்த கிளியைக் கேலி பேச எனக்கு என்ன யோக்கியதை?

மாசியில் ஆள் வந்துவிட்டது. வந்தவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் தோட்டத்தில் வெட்டுகிறவர். குச்சியை விரலால் நீவி, கண்களை எண்ணி, நறுக்கென்று ஒரு வெட்டு. நான் ஒரு வரிசை வெட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து என் குச்சிகளை மறுபடி வெட்டினார்.

“நாலு கண்ணு போதும் தம்பி. பாவம்னு கூட ரெண்டு விட்டீங்கன்னா குச்சியாத்தான் ஓடும்.”

மொத்தத்தையும் வழித்துவிடுவதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். அடிமரம் அப்படியே. போன தடவை ஓடிய குச்சியிலும் நாலு கண் நிற்கிறது; புதுத் தளிர் அதிலிருந்துதான் வர வேண்டும், குலை அந்தத் தளிரில்தான் பிடிக்கும். சாயங்காலம் தரையெல்லாம் இலை. மேலே வெறும் கம்பி, அதற்கு மேலே சட்டென்று மேற்குமலை. அப்பா இருந்தவரை பந்தலுக்குள்ளிருந்து மலையை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை. மறுநாள் காலையில் வெட்டுவாய்களில் நீர் கோத்து, சொட்டுச் சொட்டாகத் தோளில் விழுந்தது. “ரெண்டு நாளைக்கு அழுவும், அப்புறம் நின்னுரும்” என்றார் அவர், பீடியைப் பற்றவைத்தபடி.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: அப்பாவின் பட்டன் போனுக்கு 28 நாளைக்கு ஒருமுறை நான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். பீரோவுக்குள் சார்ஜோடு கிடக்கும். பேங்க் மெசேஜ் வரும், வேறொன்றும் வராது. கவாத்து முடிந்த வாரம் அது அடித்தது. வெளியூர் வியாபாரி.

“ஐயா, கவாத்து போட்டாச்சா?”

“அவர் மகன் பேசுறேங்க. அப்பா மார்கழியில தவறிட்டாங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு, “தெரியாம கேட்டுட்டேன் தம்பி” என்றார்.

“பரவாயில்லைங்க. கவாத்து போட்டாச்சு. ஆனியில வாங்க. என் நம்பரச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?”

ரீசார்ஜுக்கு அன்றைக்கு இன்னும் ஆறு நாள் பாக்கியிருந்தது.