சமமாக இருப்பதில் என்ன பயம்?

2010 மே 11. பல்கேரியாவின் சோபியா நகரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான பன்னிரண்டாவது ஆட்டம், அதுவே கடைசி. ஆனந்துக்கும் டோபலோவுக்கும் புள்ளிகள் 5.5–5.5. வெள்ளைக் காய்களுடன் ஆடிய டோபலோவ், ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்கினார். ஆனந்த் கையில் எடுத்தது பழைய லாஸ்கர் தற்காப்பு. காய்களை வெட்டிக் குறைத்துச் சண்டையை ஆறவிடும் வழி.

அந்த ஆட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 24வது நகர்வு. ஆனந்தின் மந்திரி எதிராளியின் எல்லைக்குள் போய் உட்காருகிறது. வெள்ளை ராணி ஒதுங்குகிறது. அடுத்த நகர்விலேயே மந்திரி பழைய கட்டத்துக்கே திரும்பிவிடுகிறது. டிரா ஆனாலும் சம்மதம் என்று வாய் திறக்காமல் சொன்ன நகர்வு அது. முன்வைத்த காலைப் பின்னால் வைக்க அவர் கூச்சப்படவில்லை.

டோபலோவுக்கு அது போதவில்லை. டிரா ஆனால் அடுத்து விரைவு ஆட்டங்கள். அதில் ஆனந்த் புலி. அந்த நாள் வரவே கூடாது என்று முட்டி மோதியவர், 31, 32வது நகர்வுகளில் அடுத்தடுத்து இரண்டு சிப்பாய்களை வெட்டினார். ராஜாவின் காவல் திறந்துகொண்டது. ஆனந்தின் ராணி செக் வைக்க, வெள்ளை ராஜா பலகையின் ஓரத்துக்கு ஓடியது.

துணிச்சலை நான் குறை சொல்லமாட்டேன். முதல் ஆட்டத்தை அவர் வென்றதே துணிந்து தாக்கித்தான். ஆனால் கடைசி நாளில் அவரைத் தள்ளியது நாளையைப் பற்றிய பயம் என்றே நினைக்கிறேன்.

எங்கள் கலவைப் பக்கத்திலும், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிச் சம்பளத்தை நம்பிய வீடுகளிலும் இந்தப் பயம் உண்டு. வேலை இருக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் அடுத்த வருஷம் ஆர்டர் வருமோ வராதோ என்ற நினைப்பில், இருக்கிற அரைக் காணியை அவசரத்தில் விற்று, தெரியாத தொழிலில் போடுகிறவர்கள் உண்டு. முன்னேறுவதற்காகப் போட்டால் அது வேறு. பயந்து போட்ட பணத்தில் கணக்குப் பார்க்கும் நிதானம் இருப்பதில்லை.

56வது நகர்வோடு டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். 6.5–5.5. வீட்டில் செஸ் பலகை இருந்தால் பிள்ளையோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். 31வது நகர்வில் நிறுத்தி, வெள்ளைக்கு வேறு என்ன வழி இருந்தது என்று அவர்களையே கேளுங்கள்.