தெரிந்த பின்னும்

முடித்துவிட்ட வீடியோ கேமை முதலிலிருந்து ஆடலாம். சேர்த்த பலமும் கூடவே வரும். நியூ கேம் பிளஸ் என்பது இவ்வளவுதான். 1995-இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட 'குரோனோ டிரிக்கர்' இந்தப் பெயரை நிலைபெறச் செய்தது. 1986-இல் வந்த 'லெஜெண்ட் ஆஃப் செல்டா'விலும் இரண்டாம் சுற்று உண்டு. ஆனால் அங்கே ஆடுபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டும், சுரங்கங்களும் மாறிக் கடினமாகியிருக்கும். இங்கே உலகம் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது நாம்தான்.

*

கி.பி. 1000. அம்மா திரைச்சீலையை விலக்கிக் கதாநாயகன் குரோனோவை எழுப்புகிறாள். ராஜ்ஜியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குப் போக வேண்டும். கட்டிலில் கிடப்பவன் உலகையே ஒருமுறை காப்பாற்றியவன் என்பது அவளுக்குத் தெரியாது.

காட்டில் எதிர்ப்படும் குட்டிப் பிசாசுகள் ஒரே வெட்டில் விழுகின்றன. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். வாளும் லெவலும் கூட வந்துவிட்டன, பழக்கம் வரவில்லை. விழாச் சந்தையில் மோதி விழும் மார்ல் முதல்முறை பார்ப்பவள் போலவே பெயர் கேட்கிறாள். அவளோடு காலங்களைக் கடந்து திரிந்த நினைவு என் பக்கம் மட்டும் இருக்கிறது.

*

அதே சந்தையில் குரோனோவின் தோழி லூக்காவின் டெலிபாட் இயந்திரம் நிற்கிறது. மறுசுற்றில் அதன் வலப்பக்க மேடையில் ஓர் ஒளிப்புள்ளி மினுங்கும். அதைத் தொட்டால் நேரே இறுதி எதிரியான லாவோஸிடம், கடைசிச் சண்டைக்கே போய்விடலாம். அங்கேயே ஜெயித்தால் கேமை உருவாக்கியவர்களே பாத்திரங்களாக வந்து நின்று பேசும் முடிவு கிடைக்கும். சகாகுச்சி, ஹோரி, தோரியாமா என்று பெரிய பெயர்கள் சேர்ந்து செய்த கேம். கதை முழுவதையும் தாண்டி வந்தவருக்கு அவர்கள் வைத்த பரிசு, கதைக்கு வெளியே இருக்கிறது.

வேடிக்கைதான். ஆனாலும் நான் பெரும்பாலும் நீண்ட வழியிலேயே போகிறேன்.

*

நீண்ட வழியில் ஓர் இரவு வரும். பாலைவனமாய்க் கிடந்த நிலத்தைக் காடாக்க நானூறு ஆண்டுகள் தனியே உழைத்த தோழன் ரோபோவைக் கண்டெடுத்து, எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காலம் கடக்கும் வாசல்களை யாரோ ஒருவர், தன் பழைய நாட்களைத் திரும்பப் பார்க்க விரும்பித் திறந்திருக்கலாம் என்பது ரோபோவின் ஊகம்.

எல்லோரும் தூங்கியபின் லூக்காவுக்கு மட்டும் ஒரு சிவப்பு வாசல் திறக்கிறது. உள்ளே பத்து ஆண்டுகளுக்கு முந்தைய அவள் வீடு. அம்மா லாராவின் பாவாடை இயந்திரத்தில் சிக்கியிருக்கிறது. சிறுமி லூக்காவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. கடவுச்சொல் மனைவியின் பெயர் என்று அப்பா எழுதி வைத்திருப்பார். சூப்பர் நின்டெண்டோவின் கைக்கருவியில் எல், ஏ, ஆர், ஏ என்ற பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும். கிடைப்பது சில நொடிகள். புதிதாக ஆடுபவருக்குப் பொத்தான்களே எழுத்துகள் என்று உறைப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். தவறினால் லாரா பிறகு நடக்கவே மாட்டாள்.

இங்கே வாளுக்கும் லெவலுக்கும் வேலையில்லை. ஒரு தாயின் கால்களைக் காப்பாற்றுவது கேம் சேமித்துத் தந்த எதுவுமல்ல, விரலில் தங்கிய நான்கு எழுத்துகள்.

*

தெரிந்திருப்பது எப்போதும் இப்படி நல்லதாகவே முடிவதில்லை.

சந்தையில் ஒரு கிழவரின் மதியச் சாப்பாடு மேசைமேல் இருக்கும், எடுத்துத் தின்னலாம். ஒரு சிறுமியின் பூனை தொலைந்திருக்கும். கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். மார்லோடு மோதியதும் முதலில் அவளை விசாரிக்கலாம், அல்லது கீழே விழுந்த பதக்கத்தை எடுக்கலாம். பிறகு இளவரசியான மார்லைக் கடத்தியதாகக் குரோனோவைக் கூண்டில் ஏற்றும்போது இவையெல்லாம் சாட்சியமாக வரும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்தவற்றை ஏழு ஜூரிகள் முன் எடுத்து வைப்பார்கள்.

முதல் சுற்றில் இது திடுக்கிட வைக்கும். மறுசுற்றில் வழக்கு வரப்போவது தெரியும். பூனையைக் கூட்டிப்போகும்போதே ஜூரியின் முகம் மனத்தில் வந்துவிடுகிறது. செயல் அதே செயல்தான். ஆனால் எண்ணம் கலங்கிவிடுகிறது. முதல் முறை சாப்பாட்டைத் தின்றவனாவது ஒளிவில்லாமல் தின்றான்.

*

இன்னும் ஒன்றும் தெரியும். குற்றவாளி என்றாலும் நிரபராதி என்றாலும் குரோனோ போவது அதே சிறைக்குத்தான். மந்திரியின் சூழ்ச்சியால் மரண தண்டனையும் தயாராக இருக்கும். ஜூரிகள் ஒருமனதாக விடுவித்தால் சிறைக்குள் சில மருந்துகள் வந்து சேரும், அவ்வளவுதான். எல்லாப் பொருளும் நிறைந்த மறுசுற்றுக்காரருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தெரிந்ததால் கலங்கிய எண்ணம், முழுக்கத் தெரிந்தபின் ஓரளவு தெளிகிறது. தீர்ப்பு எதையும் மாற்றாது என்றால் தீர்ப்புக்காக நல்லவனாக இருக்கத் தேவையில்லை. மிச்சம் இருப்பது பூனையைத் தேடும் ஒரு சிறுமி மட்டுமே. அவளுக்கு இது எத்தனையாவது சுற்று என்று தெரியாது, என் எண்ணம் சுத்தமா என்றும் தெரியாது. பூனை வந்தால் போதும். பழைய வாளும் கவசமும் இல்லாமல் தொடங்கச் சொன்னாலும் பரவாயில்லை. மறுசுற்றுக்குக் கொண்டுவரத் தக்கது என்று எனக்கு இப்போது தோன்றுவது இந்தக் கணக்குப் பார்க்காத செயல் ஒன்றுதான்.