நேர்ச்சை கடனா, காணிக்கையா?



ஆவணி பிறந்ததும் நம் ஊர் வழியாகச் செல்லும் கரூர் சாலையில் காவி உடுத்தியவர்களைக் காணத் தொடங்குகிறோம். சிறு வண்டியில் மாதா சுரூபம், தோளில் துணி மூட்டை, கையில் செபமாலை. கரூர், திருச்சி, தஞ்சை, நாகை என்று 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வேளாங்கண்ணி சேர்வார்கள். ஆகஸ்டு 29-ந் தேதி அங்கே கொடியேற்றம். செப்டம்பர் 8-ந் தேதி திருநாள்.

அன்று திருச்சபை கொண்டாடுவது தேவமாதாவின் பிறந்த நாள். மற்ற அர்ச்சியசிஷ்டவர்களைப் பெரும்பாலும் அவர்கள் மரித்த நாளில் நினைக்கிறோம். பிறந்த நாளுக்குத் திருநாள் வைத்திருப்பது மூவருக்கு மட்டுமே: நமதாண்டவர், அவருடைய திருத்தாயார், ஸ்நாபக அருளப்பர். பிறந்த குழந்தை இன்னும் எதையும் சம்பாதிக்கவில்லை; எந்தப் புண்ணியமும் செய்து காட்டவில்லை. ஆகையால் இது, விலை பேசாமல் வந்த கொடையின் திருநாள். இதை மனதில் வைத்துக்கொண்டு பின்வருவதை வாசியுங்கள்.

சென்ற ஆண்டு இதே நாட்களில் தறி வேலைக்குப் போகும் ஒரு தாய் என்னிடம் வந்தார். பெயரைச் சொல்லாமல், அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். மகன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டார். பையன் பிழைத்தான். புறப்பட வேண்டிய சமயத்தில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். கவனிக்க வேறு ஆள் இல்லை.

"சாமி, நடக்காமப் போனா மாதா கோவிச்சுக்குமுங்களா? பையனுக்கு மறுபடியும் ஏதாச்சும் ஆயிருமுங்களா?" என்று கேட்டு அழுதார்.

"இது மூடபக்தி, போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு நா எழுந்தது. நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். அவர் கேட்டது சிறிய கேள்வியல்ல. நாம் ஆராதிக்கும் சர்வேசுரன் தகப்பனா, அல்லது தவணை தவறினால் ஈடு வைத்ததை எடுத்துக்கொள்ளும் வட்டிக்காரனா என்பதே அந்தக் கேள்வி.

நேர்ச்சை விளையாட்டல்ல. நல்லதும் செய்யக்கூடியதுமான ஒன்றைத் தெரிந்து, மனதாரக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தால் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஆனால் அதனால் லாபம் யாருக்கு? கடவுளுக்கு ஒன்றும் கூடுவதில்லை, நேர்ந்துகொண்டவனுக்கே நன்மை என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். நம்முடைய நிலையற்ற மனதை நன்மையில் கட்டி வைக்கும் கயிறு அது. நம் பிள்ளைகளின் கழுத்தில் போட்ட சுருக்கு அல்ல.

வேளாங்கண்ணியின் பாரம்பரியத்தையே பாருங்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள், கரை சேர்ந்தால் கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். செப்டம்பர் 8-ந் தேதி கரை சேர்ந்து, சொன்னபடி கட்டினார்கள் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தியதாகச் சொல்லப்படுவது மோர் விற்ற நொண்டிச் சிறுவனின் கதை. அவன் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. ஒரு தாய் தன் குழந்தைக்கு மோர் கேட்டாள், அவன் கொடுத்தான், கால் குணமாயிற்று. பயத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர்களையும் மாதா ஏற்றுக்கொண்டாள்; ஒன்றும் கேளாமல் கொடுத்தவனையும் ஏற்றுக்கொண்டாள். இரண்டிலும் பேரம் இல்லை.

காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களைச் சேசுநாதர் கடுமையாகக் கண்டித்ததை அர்ச். மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வீட்டில் ஒரு கிழவி தண்ணீருக்குத் தவிக்க, மருமகள் நடந்து வந்து ஏற்றும் மெழுகுவர்த்தி யாருக்குப் பிரியமாயிருக்கும்?

எனவே திருச்சபை தாயைப்போல வழி வைத்திருக்கிறது. 1983-ம் ஆண்டின் சட்டத் தொகுப்பின்படி, தான் செய்த தனி நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக ஒருவர் தாமே மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணம் இருந்தால் பங்குக் குருவே அதிலிருந்து விடுவிக்கவும் அதிகாரம் உண்டு. இன்னொன்று: நேர்ச்சை செய்தவரை மட்டுமே அது கட்டும். "என் மகன் மொட்டை போடுவான், என் மருமகள் நடப்பாள்" என்று பிறர் தலையில் நேர்ந்துகொள்கிறவர்கள் இதைக் கவனிக்க.

நான் இவ்வளவும் சொன்னேன். அந்தத் தாய் சிறிது நேரம் யோசித்து, நடப்பதற்குப் பதிலாக மாமியாரை முகம் சுளிக்காமல் கவனிப்பதாகச் சொன்னார். "நடக்கிறது இதைவிடச் சுலபமுங்க சாமி" என்றும் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், அவருடைய மகன் சாலையோரம் நின்று நடைப்பயணிகளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

இந்த ஆண்டு நடக்கப் போகிறவர்கள் சந்தோஷமாக நடந்து வாருங்கள். புறப்படுமுன் ஆட்களுக்குத் தரவேண்டிய கூலி பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டு வாசலை ஒருமுறை மிதித்துவிட்டுப் போங்கள். நேர்ந்துகொண்டு நிறைவேற்ற முடியாமல் பயந்திருப்பவர்கள், பயத்தை மனதில் மூடி வைக்காமல் பூசைக்குப் பின் என்னை வந்து பாருங்கள். ஆரோக்கியமாதா நமக்குத் தாய், கடன்காரி அல்ல.