போதும் என்னும் அளவு

பொருளை விரும்புதல் குற்றமா? பொருளின்றி இல்லறத்தார் அறம் செய்ய இயலாது. ஆதலின் சிராவகர்க்கு அறவோர் பொருளை வரையறுத்துக் கொள்ளுமாறு அருளினர். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தின் கருத்து இதுவே. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பற்றினை மூர்ச்சை, அதாவது மயக்கம், என வரையறுக்கின்றார்.

இம்மயக்கம் எங்கிருந்து பிறக்கின்றது? டிம் காஸர், ரிச்சர்ட் ரயன் என்னும் அமெரிக்க உளவியலார் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பணத்தையே தலையாய நோக்கமாகக் கொண்ட இளைஞரிடம் மனநலம் குறைந்தும் கவலை மிகுந்தும் இருந்ததைக் காட்டியது. பாதுகாப்பற்ற உணர்வே அவ்வேட்கையின் வேர்களுள் ஒன்று எனக் காஸர் 2002-இல் எழுதிய நூலில் விளக்கினார். அஞ்சிய உள்ளம் பொருளால் தன்னை நிரப்ப முயல்கின்றது. அயலாரோடு தன்னை ஒப்பிடுகின்றது. ஒப்பீட்டிற்கு முடிவேது?

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளைத் தீபாவளியாக விளக்கேற்றிப் போற்றுகின்றோம். அன்றும் அண்டை வீட்டுச் சரவெடி நீண்டு ஒலித்தால் நம் பிள்ளையின் முகம் வாடுகின்றது. தான் எவர்க்கும் குறைந்தவனல்லன் என்னும் உறுதியையே அப்பிள்ளை வேண்டுகின்றான். நாமோ பட்டாசு வாங்கித் தருகின்றோம். அது நொடியில் புகையாகின்றது.

நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரத்தில் உருவாகின்றது. அங்கே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பல உயிர்கள் மாய்ந்தன. அத்தொழிலாளர் கூலியை நாடுவது வயிற்றுக்காக. அவர்தம் தேவையையும் நம் வேட்கையையும் ஒரே தராசில் நிறுத்தல் அறமாகாது.

"நாம் வாங்காவிடில் அவர்கள் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. ஆயினும், உயிரைப் பணயம் வைக்காத பிழைப்பன்றோ அவர்களுக்கு வேண்டுவது? நம் ஆசைக்குக் கருணை எனப் பெயர் சூட்டுவதும் மூர்ச்சையே.

அதே விருதுநகரில் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். 1975-இல் மறைந்தபோது தமக்கெனச் சொத்து எதுவும் அவர் சேர்த்திருக்கவில்லை. அவரை வாழ்வில் குறைந்தவர் என எவரேனும் எண்ணியதுண்டா?

ஆதலின், கடைக்குச் செல்லுமுன் குடும்பத்தோடு அமர்ந்து, "இவ்வளவு போதும்" என வரையறுப்போம். பட்டாசைப் பொறுத்தவரை அவ்வளவு சுழியாகவே இருக்கட்டும், சிற்றுயிர்களும் அஞ்சாதிருக்கும். மீந்த தொகையை ஓர் ஏழை மாணவர் கல்விக்கு ஈவோம். அபயதானமும் அறிவுதானமும் ஒருங்கே நிறைவேறும். நம் பிள்ளைகளும் அளவறிந்த வாழ்வின் அமைதியை உணர்வார்கள்.